இராயபுரம் ரயில் நிலையம்: நேரில் கண்டதும் கேட்டதும்

சென்னையின் பழைய ரயில் நிலையம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் சென்ட்ரலைத்தான் சொல்கிறார்கள். சென்ட்ரல் திறக்கப்பட்டது 1873-இல். அதற்கு 17 ஆண்டுகள் முன்பே, 1856 ஜூன் 28 அன்று, சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்துவிட்டார். ஜூலை 1 முதல் அங்கிருந்து ஆற்காடு வரை, அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுக்குப் பொதுமக்கள் ரயிலில் செல்லத் தொடங்கினார்கள்.

அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்காகவே கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். வரிசையாக நிற்கும் உயரமான தூண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தாமாகவே வந்து பேசினார். "கடல் இந்தாண்ட, கோட்டை அந்தாண்ட. வேற எங்க தம்பி ஸ்டேஷன் கட்டுவான்?" என்றார்.

நிலையம் இங்கே அமைந்ததற்கான காரணத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். வணிகர்கள் நிறைந்த கருப்பர் நகரமும் (இன்றைய ஜார்ஜ் டவுன்) பக்கத்திலேயே இருந்தது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, சரக்குகளை மசூலா படகுகளில் ஏற்றி அலைகளைக் கடந்து கரை சேர்த்தார்கள். அப்படி வந்திறங்கும் சரக்கை உள்நாட்டுக்கு அனுப்பவும், உள்நாட்டு விளைபொருளைக் கப்பலுக்குக் கொண்டுவரவும் இதைவிட வசதியான இடம் கிடைத்திருக்காது.

பின்னர் சென்ட்ரல் முதன்மை நிலையமாகிவிட, இராயபுரம் மெல்லப் பின்தள்ளப்பட்டது. இருந்தாலும், நாட்டின் முதல் நிலையங்களான மும்பையின் போரிபந்தர், கொல்கத்தா அருகிலுள்ள ஹவுரா ஆகியவற்றின் தொடக்ககாலக் கட்டடங்கள் இன்று இல்லாத நிலையில், இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் என்ற பெருமை இதற்கே உரியது. 2005-இல் இது புதுப்பிக்கப்பட்டது. இங்கே புதிய முனையம் அமைய வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும் இந்தத் தூண்களில் ஒன்றுகூட அசைக்கப்படக் கூடாது.

இராயபுரத்தில் பணிபுரிந்தவர்கள் உங்கள் வீட்டில் யாரேனும் இருந்தால், அவர்கள் சொல்லக் கேட்டதை இங்கே எழுதுங்கள்.