ஒன்பது நாளாக வந்துகொண்டே இருப்பவருக்கு என்ன பெயர்?

கேட்பவர்: பாலக்கோட்டுத் தக்காளிக்காரன்
கிணற்று மோட்டார் நின்று ஒன்பது நாள் ஆகிறது. பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டால், “இதோ, மாரண்டஅள்ளி தாண்டிவிட்டேன் அண்ணா” என்கிறார். ஒன்பது நாளாகத் தாண்டிக்கொண்டேதான் இருக்கிறார். செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. திட்டினால் அடியோடு வர மாட்டார். அவரும் சிரிக்கும்படி ஒரு புதுச் சொல் சொல்லுங்களேன்.

தருமபுரி வாத்தியார்
இதோவாளி. நோயாளி, உழைப்பாளி வரிசையில் இலக்கணப்படி சரியாக உட்காரும். கடைசியில் ‘வாளி’ நிற்பதும் பொருத்தமே. ஓட்டை வாளி.

ராயக்கோட்டை அக்கா
சோம்பு ஏறியவன் சோம்பேறி என்றால், நாளை ஏறியவன் ‘நாளையேறி’தானே தம்பி? பொருள்களுக்கும் சொல் வேண்டும். எங்கள் வீட்டு டார்ச் விளக்கு பின்புறம் இரண்டு குட்டுக் குட்டினால்தான் எரியும். காலடியில் ஏதோ நெளிகிறது என்றால் ஐந்தாறு குட்டு. அதற்குக் ‘குட்டெரி’ என்று பெயர். என் கொழுந்தனாருக்கும் அதே பெயர்தான், அவருக்குத் தெரியாது.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு
விலை பேசிவிட்டுப் போய், காய் உதிர்ந்த பின்னர் வந்து நிற்கும் வியாபாரியை நாங்கள் ‘உதிர்ந்தபின்னர்’ என்போம். மரியாதைக்கு ‘அர்’ விகுதியும் சேர்ந்தே இருக்கிறது பாருங்கள்.

பாலக்கோட்டுத் தக்காளிக்காரன்
காலையில், “என்ன இதோவாளி, எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். இன்று வெள்ளிச்சந்தை ஊரைத் தாண்டிவிட்டாராம்.