சைக்கிளைத் தாண்ட ஒன்றரை மீட்டர்: கர்நாடகம் முழுக்க விதி வேண்டுமா?

மர்ஃபி டவுன்காரன்:
ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போகவேண்டும். ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 138(1ஏ) என்ற பிரிவைச் சேர்த்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிள் போன்ற வண்டிகளுக்கும் மாநில அரசே விதி எழுதலாம். கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் போட்ட சாலைப் பாதுகாப்பு வழக்கில்தான், அந்த விதிகளை ஆறு மாதத்தில் எழுதச் சொல்லி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெங்களூரு மட்டுமில்லை, மைசூரு, ஹூப்பள்ளி என்று எல்லா ஊர் சைக்கிள்காரர்களும் சேர்ந்து, கையெழுத்துப் போட்ட மனு கொடுத்து ஒன்றரை மீட்டரைக் கேட்கவேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

மஞ்சள் போர்டு:
தம்பி, நான் கேப் ஓட்டுகிறவன். சைக்கிள் கேப்பில் ஆட்டோ ஓட்டுகிற ஊர் இது. அல்சூர் சந்தைப் பக்கம் ஒன்றரை மீட்டர் எங்கே இருக்கிறது, காட்டு. ஒரு பக்கம் வரிசையாகக் கார், மறுபக்கம் தள்ளுவண்டி. சைக்கிள் பின்னாலேயே உருட்டினால் என் பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே கொல்லுவான். ஞாயிறு காலையில் நந்தி மலைக்குச் சைக்கிளில் போகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறாயா? மூன்று மூன்று பேராக அரட்டை அடித்துக்கொண்டு. அவர்களுக்கு விதி கிடையாதா?

மர்ஃபி டவுன்காரன்:
இடம் இல்லையென்றால் தாண்டாதே, அவ்வளவுதான் அண்ணே. எருமை குறுக்கே வந்தால் நிற்கிறீர்கள் இல்லையா?

நைட் ஷிஃப்ட்:
நந்தி மலையை விடுங்கள். நான் கோரமங்களாவில் ஓர் அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. ஈஜிபுரத்திலிருந்து தினமும் சைக்கிள்தான். ஓரமாகப் போ என்பார்கள். ஓரத்தில் வடிகால் மூடியின் கம்பிகள் சக்கரம் போகிற திசையிலேயே நீளவாக்கில் இருக்கும், டயர் உள்ளே இறங்கிவிடும். கொஞ்சம் உள்ளே வந்தால் நிறுத்தின கார்களின் கதவு. இன்னும் உள்ளே வந்தால் 'சாவுகிராக்கி'. போன மாதம் அப்படி ஒரு கதவு திறந்து முட்டி பெயர்ந்தது. இறங்கி வந்தவர் முதலில் கதவில் கீறல் விழுந்ததா என்றுதான் தடவிப் பார்த்தார். மீட்டர் கணக்கு இருக்கட்டும், கதவைத் திறக்கும்முன் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெயநகர் நாலாவது பிளாக்:
விதியை நம்பி என்ன ஆகப்போகிறது? எங்கள் ஏரியாவில் பல வருஷம் முன்பே சைக்கிள் தடம் போட்டார்கள். கார் நிறுத்த வசதியாக இருந்தது. 2020-இல் வெளிவட்டச் சாலையில் பிளாஸ்டிக் கம்பம் நட்டு ஒரு தடம். கம்பங்களுக்கு நடுவே பைக்குகள் புகுந்தன, அப்புறம் மெட்ரோ வேலை வந்தது, கதை முடிந்தது. ஒன்றரை மீட்டரை எந்த போலீஸ் டேப் வைத்து அளப்பார்? வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. வீட்டுத் தெருக்களில் 30 கிலோமீட்டர் என்று வைத்து, அதற்குத் தகுந்த மேடு போட்டால் போலீஸே வேண்டாம்.

மர்ஃபி டவுன்காரன்:
மேடு சரி, ஆனால் ஓசூர் ரோட்டில் மேடு போடுவார்களா? அங்கேதான் லாரி உரசிக்கொண்டு போகிறது. இடித்தபிறகு 'அவன்தான் குறுக்கே வந்தான்' என்பார்கள். தூரம் விதியில் இருந்தால், ஏன் அவ்வளவு ஒட்டி வந்தாய் என்று ஓட்டுநரைக் கேட்கலாம். டேப் தேவையில்லை, இடித்தாலே அந்தத் தூரம் விடவில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு அதுதான் முக்கியம்.

மஞ்சள் போர்டு:
இது ஒரு பாயிண்ட். ஆனாலும் ராத்திரி லைட் இல்லாமல் எதிர்த்திசையில் வருகிறவனை நான் எப்படிப் பார்ப்பது? அவன்மேல் இடித்தாலும் பழி என்மேல்தானா? லைட் கட்டாயம், இல்லையென்றால் அபராதம் என்று சேர். கையெழுத்துப் போடுகிறேன்.

நைட் ஷிஃப்ட்:
அபராதம் என்று வந்தால் முதலில் மாட்டுவது நந்தி மலைக்காரர் இல்லை அண்ணே. அவர் சைக்கிளில் முன்னும் பின்னும் லைட் எரிகிறது. ஷிஃப்ட் முடிந்து வருகிற என்னைத்தான் நிறுத்துவார்கள். விற்கும்போதே லைட்டோடு விற்கவேண்டும் என்று கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.