புதுப்பிப்பு: இதழ் நிற்கவில்லை

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: எங்கள் காலாண்டிதழை அச்சில் நிறுத்திவிட்டுப் பிடிஎஃப் ஆக்கிவிடலாமா என்று. "காலத்தோடு போங்க" என்றே பலரும் சொன்னீர்கள்.

போகவில்லை. புது இதழ் அச்சிலேயே வந்துவிட்டது. ஆறு பாரம் (அச்சடித்து மடித்த தாள் தொகுப்பு), 300 பிரதி. மூன்றாவது பாரம் நாற்பது பிரதிகளில் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது. ராத்திரி உட்கார்ந்து பின்னைப் பிடுங்கி நாங்களே மாற்றி அடித்தோம். கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கழுத்தை நெரித்தது காகித விலை இல்லை, தபால்தான். புத்தகங்களைக் குறைந்த செலவில் பதிவு செய்து அனுப்ப உதவிய பதிவு நூல் அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. சாதாரணத் தபாலில் போட்டால் "இன்னும் வரலையே" என்று போன்.

இப்போது ஊருக்கு ஒரு வாசகர், அவர் பெயருக்கு இருபது பிரதி பஸ் பார்சல். மதுரையில் ஒருவர் டீக்கடையில் வைத்தே கொடுத்து முடித்துவிட்டார். 1959-ல் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்தவர். அந்த வழி பழசாகவில்லை போல.

இந்த இதழுக்குப் பிடிஎஃப் உண்டு, ஆனால் இதற்கு அடுத்த இதழ் வந்த பிறகுதான். திருநெல்வேலிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. யாராவது இருக்கீங்களா?