5 சதவீதம் முன்பாரம் போதும் என்று சொன்னவர் வந்து பதில் சொல்லட்டும்

கொக்கிக்காரன்:
புதுப்பயணி போன வாரம் ஒரு யோசனை கேட்டிருந்தார். நான்கு பேர் குடும்பம், கேம்பரை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) இழுத்துக்கொண்டு 6,000 கிலோமீட்டர் போக வேண்டும், என்னென்ன பார்க்க வேண்டும் என்று. அதற்குத் தூரவழி எழுதிய பதிலை நேற்று ராத்திரிதான் படித்தேன். "கொக்கியில் 5 சதவீதம் பாரம் இறங்கினால் போதும், 10 சதவீதம் என்பது அமெரிக்கர்கள் கிளப்பிவிட்ட பயம்" என்கிறார். படித்தபிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. முதல்முறை கேம்பர் இழுக்கப் போகிறவரிடம் சொல்லும் பேச்சா இது?

என் கதையைச் சொல்கிறேன். எனக்குக் கேம்பர் விற்றவர் டங் வெயிட், அதாவது கேம்பரின் முன்பக்கம் காரின் கொக்கியில் இறக்கும் பாரம் பற்றி வாயே திறக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன், பின்பக்க பம்பரில் நான்கு சைக்கிள் கட்டினேன், கிளம்பிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு நீண்ட இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று எங்களை முந்தியது. முதலில் பின்கண்ணாடியில் கேம்பரின் இடது பக்கச் சுவர் தெரிந்தது. அடுத்த நொடி வலது பக்கச் சுவர். அப்புறம் மறுபடி இடது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. காரின் பின்பக்கத்தை யாரோ கையால் பிடித்து உலுக்குவது போல இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கின் லீவரை மட்டும் கட்டைவிரலால் தள்ளினேன். அதனால் பிழைத்தோம். அடுத்த ஊரில் எடை போட்டால் மொத்தம் 2,200 கிலோ, கொக்கியில் வெறும் 90. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 4 சதவீதம். தூரவழி போதும் என்று சொல்வதற்கு மிக அருகில்.

10 சதவீதம். அதற்குக் கீழே யாரும் கிளம்பக் கூடாது.

தூரவழி:
அண்ணே, உங்கள் குடும்பம் பத்திரமாக வந்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் சைக்கிள் செய்த குற்றத்துக்கு 5 சதவீதத்தைத் தண்டிக்காதீர்கள். பின்னால் 60 கிலோவைத் தொங்கவிட்டீர்கள், தண்ணீர்த் தொட்டியை நிரப்பினீர்கள், இறக்கத்தில் எவ்வளவு வேகத்தில் போனீர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. நான் சொல்லட்டுமா? இரண்டு வருடம் முன்னால் இதே கதையை எழுதியபோது 115 என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

ஐரோப்பாவில் பல கார்களில் கொக்கிக்கு அனுமதித்த பாரமே 75 கிலோ, 100 கிலோதான். 1,400 கிலோ கேரவனுக்கு, அதாவது அவர்கள் ஊர்க் கேம்பருக்கு, 75 கிலோ என்றால் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. இப்படித்தான் அங்கே லட்சக்கணக்கான குடும்பங்கள் வருடாவருடம் விடுமுறைக்குப் போகின்றன. நானே 11,000 கிலோமீட்டர் இழுத்திருக்கிறேன், ஒருமுறைகூட ஆடியதில்லை. ஜெர்மனியில் கேரவன் இழுத்தால் 80தான், தனி அனுமதி வாங்கினால் ஆட்டோபான் விரைவுச்சாலையில் 100. வேகத்தைக் குறை, கனமான பொருளைச் சக்கர அச்சுக்கு மேலேயே வை, கொக்கியில் ஆட்டத்தை அடக்கும் உராய்வு ஸ்டெபிலைசர் மாட்டு. முடிந்தது. 5 சதவீதம் போதும்.

கொக்கிக்காரன்:
நான் கேட்டது 10 சதவீதம் பற்றி. வேகத்தைப் பற்றி இல்லை. கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள்தான் வேறு பேச்சுக்குத் தாவுவார்கள்.

எடைமேடை:
ஒரு சின்ன விஷயம் கேட்கிறேன், இருவரும் கோபப்படாதீர்கள். எதில் 10 சதவீதம், எதில் 5 சதவீதம்? கேம்பரின் காலி எடையிலா, சாமான் தண்ணீர் எல்லாம் ஏற்றிய எடையிலா? புதுப்பயணியின் கேம்பர் காலியாக 1,850 கிலோ, ஏற்றினால் 2,300 வரும் என்று எழுதியிருந்தார். முதலாவதில் 10 சதவீதம் 185, இரண்டாவதில் 230. நடுவில் 45 கிலோ வித்தியாசம். இதைப் பேசி முடித்துவிட்டுச் சண்டை போட்டால் நன்றாக இருக்கும்.

வண்டிக்காரன்மகன்:
டங் வெயிட், டங் வெயிட் என்று ஏன் இழுக்கிறீர்கள்? நம் மொழியில் முன்பாரம், பின்பாரம் என்று அழகான வார்த்தை இருக்கிறதே. என் தாத்தா மூட்டை ஏற்றி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அளவான முன்பாரம் வேண்டும் என்று சதவீதம் தெரியாமலே அவருக்குத் தெரியும்.

கொக்கிக்காரன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! முன்பாரம் வேண்டும். 10 சதவீதம் வேண்டும். வண்டிக்காரன்மகனே என் பக்கம்.

வண்டிக்காரன்மகன்:
நான் யார் பக்கமும் இல்லை. வார்த்தையைப் பற்றித்தான் பேசினேன்.

தூரவழி:
மாட்டு வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் போகும். ஆட்டம் வருவது வேகத்தில். அந்த உதாரணமே இங்கே பொருந்தாது.

வண்டிக்காரன்மகன்:
பொருந்தாது என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அச்சுக்கு முன்னும் பின்னும் பாரம் எப்படி நிற்கிறது என்பது மாடு இழுத்தாலும் டீசல் இழுத்தாலும் ஒன்றுதான்.

புதுப்பயணி:
என்னால் இவ்வளவு சண்டை வரும் என்று நினைக்கவில்லை, மன்னியுங்கள். முழு விவரம் தருகிறேன். காரின் இழுவைத் திறன் 2,700 கிலோ என்று கையேட்டில் இருக்கிறது. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து 520 கிலோவுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறது. 15 நாளில் போய்ச் சேர வேண்டும். ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர். இது சரிப்படுமா?

பகலோட்டி:
400 எல்லாம் ஒரு தூரமா? காலை 5 மணிக்குக் கிளம்பினால் 800 அசால்ட்டாகப் போகலாம். எட்டு நாளில் முடித்துவிட்டு மீதி நாளைப் போன இடத்தில் கழியுங்கள்.

மலைமுகடு:
பகலோட்டி, கேம்பர் இல்லாமல் காரில் போகும் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். 90ல் போனாலும் பெட்ரோல் பங்கில் திருப்புவது, கழிப்பறை, குழந்தைகள், சாலை வேலை எல்லாம் சேர்ந்தால் சராசரி 65, 70க்கு மேல் வராது. 800 என்றால் 12 மணி நேரம். அதற்கப்புறம் இருட்டில், தெரியாத முகாமில், ஒருவர் டார்ச் அடிக்க இன்னொருவர் பின்னோக்கி எடுக்க வேண்டும். பாதிச் சண்டையும் பாதிக் கீறலும் அந்த நேரத்தில்தான். கேம்பர்காரர்கள் 3-3-3 என்று சும்மா சொல்லவில்லை: 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மதியம் 3 மணிக்குள் நிறுத்து, ஒரு இடத்தில் 3 ராத்திரி தங்கு.

அப்புறம் புதுப்பயணி, 2,700ஐ நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு முதலில் தீர்ந்துபோவது அந்த 520. நான்கு பேர் 270 கிலோ என்று வையுங்கள், டிக்கியில் சாமானும் ஹிட்ச் என்கிற கொக்கி இரும்பும் 80. ஆக 350. மிச்சம் 170. கொக்கியில் இறங்கும் பாரமும் இந்த 520க்குள்தான் அடங்க வேண்டும். கொக்கிக்காரன் சொல்லும் 230ஐ எங்கே வைப்பீர்கள்?

தூரவழி:
அப்படிக் கேளுங்கள்! 10 சதவீதம் வைத்தால் கார் தாங்காது. 5 சதவீதம் வைத்தால் 115 கிலோ, தாராளமாக அடங்கும்.

கொக்கிக்காரன்:
கார் தாங்காவிட்டால் பெரிய கார் வாங்க வேண்டும், இல்லை சின்ன கேம்பர் வாங்க வேண்டும், இல்லை சாமானைக் குறைக்க வேண்டும். செருப்பு சின்னதாக இருக்கிறது என்று காலை வெட்டுவார்களா? காருக்காக 10 சதவீதத்தைக் குறைப்பது அதுதான்.

ஐரோப்பா, ஐரோப்பா என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறீர்களே தம்பி, அங்கே கேரவன் லேசானது, அச்சு நடுவில் இருக்கும், ஓட்டும் வேகமும் குறைவு. புதுப்பயணி வாங்கியிருப்பது அந்த ஜாதி வண்டியா? அவர் கேம்பரில் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? 150 லிட்டர், 150 கிலோ. அச்சிலிருந்து 1 மீட்டர் பின்னால், கொக்கிக்கும் அச்சுக்கும் 4 மீட்டர் என்று வையுங்கள். 37 கிலோ கொக்கியிலிருந்து போய்விடும். பின்னால் 40 கிலோ சைக்கிள் இரண்டரை மீட்டரில் இருந்தால் இன்னும் 25. உங்கள் 115ல் 62 போனால் மிச்சம் 53. 2 சதவீதத்தில் இழுக்கச் சொல்கிறீர்களா அந்தக் குடும்பத்தை? 10 சதவீதத்தில் கிளம்பினால்தான் இதெல்லாம் போனாலும் உயிர் மிஞ்சும்.

தூரவழி:
முதலில், தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்கு 58 வயது. உங்களை அண்ணே என்றது மரியாதைக்கு.

இரண்டாவது, 5 சதவீதம் என்றால் எல்லாம் ஏற்றியபிறகு 5 சதவீதம். ஏற்றுவதற்கு முன்னால் இல்லை.

மூன்றாவது, உங்கள் அறிவுரையின் லட்சணம் எங்களுக்குத் தெரியும். போன வருடம் ஒருவர் டிரெய்லர் டயர் பற்றிக் கேட்டபோது "பார்க்கப் புதுசாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்றவர் நீங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள், அது தயாரித்த வாரமும் வருடமும் என்று நான்தான் சொன்னேன். ஏழு வருடப் பழசு. வரிப்பள்ளம் தேயாமலே ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தது.

கொக்கிக்காரன்:
அவர் போட்டிருந்த படத்தில் டயரின் ஒரு பக்கம்தான் தெரிந்தது, தேதி தெரியவில்லை. அதை இன்னும் எத்தனை வருடம் தூக்கிக்கொண்டு அலைவீர்கள்? டிரெய்லர் டயரில் வேகக் குறியீடு இல்லாவிட்டால் 105க்கு மேல் போகக் கூடாது என்று அதே இடத்தில் எழுதியதும் நான்தான். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவீர்கள்.

பகலோட்டி:
நான் ஒன்பது மணி நேரத்தில் 780 போயிருக்கிறேன், கேம்பரோடு. மலைமுகடு சொல்லும் சராசரி எல்லாம் மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு.

மலைமுகடு:
780ஐ ஒன்பதால் வகுத்தால் 86. இடையில் நின்றதையும் சேர்த்துச் சராசரி 86 வர வேண்டுமென்றால் 100க்கு மேலேயே ஓட்டியிருக்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90ஐ விட 110ல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எரிபொருள் எவ்வளவு குடித்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பகலோட்டி:
என் பணம், நான் ஊற்றுகிறேன்.

எடைமேடை:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, பரவாயில்லை, ஏற்றிய எடை என்று தூரவழி போகிறபோக்கில் சொல்லிவிட்டார். இன்னொன்று. அமெரிக்காவில் இழுவைத் திறனைச் சோதிக்க ஜே2807 என்று எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் தரம் இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் இருக்கும் 11.4 மைல் ஏற்றம் அந்தச் சோதனையில் உண்டு. ஆனால் காரில் ஓட்டுநரும் இன்னொருவரும், ஆளுக்கு 68 கிலோ என்றுதான் கணக்கு. நான்கு பேர், சாமான் என்று ஏறினால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது.

கொக்கிக்காரன்:
அதே ஜே2807ல் சாதாரண டிரெய்லருக்குக் கொக்கிப் பாரம் எவ்வளவு? 10 சதவீதம்! நன்றி எடைமேடை.

எடைமேடை:
நான் சொன்னது ஆள் எடையைப் பற்றி.

தூரவழி:
அமெரிக்கத் தரம் அமெரிக்காவுக்கு. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

புதுப்பயணி:
இன்று காலை எடை போட்டுவிட்டேன். எல்லோரும் உட்கார்ந்து, சாமானும் ஏற்றி, காரை மட்டும் மேடையில் ஏற்றினால் 2,410. கேம்பரை மாட்டி, காரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்தால் 2,570. கழித்தால் கொக்கியில் 160 கிலோ. கேம்பரைத் தனியாக நிறுத்தினால் 2,260. அதாவது 7 சதவீதம். இப்போது என்ன செய்ய?

தூரவழி:
பார்த்தீர்களா, 520க்குள் அடங்கிவிட்டது. 5க்கு மேலே இருக்கிறது. நிம்மதியாகக் கிளம்புங்கள்.

கொக்கிக்காரன்:
பார்த்தீர்களா, 10க்குக் கீழே இருக்கிறது. கிளம்பாதீர்கள். சமையல் சாமானையும் கருவிப் பெட்டியையும் அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். இன்னும் 66 கிலோ வேண்டும்.

மலைமுகடு:
66 கூடினால் 520ஐத் தாண்டிவிடும். காரிலிருந்து அதே அளவு சாமானைக் கேம்பருக்குள் அச்சுக்கு மேலே மாற்றினால் ஒழிய. கொக்கிக்கு அனுமதித்த அதிகபட்சப் பாரம் எவ்வளவு என்று கையேட்டில் பார்த்தீர்களா, புதுப்பயணி?

எடைமேடை:
லாரி எடைமேடை 10 கிலோ, 20 கிலோ படிகளில்தான் காட்டும். அந்த 160 உண்மையில் 150 ஆகவும் இருக்கலாம், 170 ஆகவும் இருக்கலாம்.

கொக்கிக்காரன்:
150 என்றால் இன்னும் மோசம். எடை போடும்போது தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்ததா, காலியா?

புதுப்பயணி:
காலி. தொட்டி அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கொக்கிக்காரன்:
சொன்னேனா இல்லையா! தூரவழி, இப்போது சொல்லுங்கள், எங்கே போனீர்கள்?

தூரவழி:
எங்கேயும் போகவில்லை. தொட்டியை நிரப்பாமல் போகச் சொல்லுங்கள், தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். 5 சதவீதம் போதும்.

பகலோட்டி:
780 கிலோமீட்டர் பற்றி மலைமுகடு இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை.

கொக்கிக்காரன்:
தண்ணீர் நிரப்பி மறுபடி எடை போட்டு அந்த எண்ணை இங்கே எழுதுங்கள், புதுப்பயணி. அதுவரை வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். 10 சதவீதம்.