பைத்தான் பட்டியலில் எதிர்மறைச் சுட்டெண்: கடைசி ஊர் ஏன் வருவதில்லை?

சித்தூர் மாணவி:
வணக்கம். பாலக்காட்டிலிருந்து கோவை செல்லும் வழியிலுள்ள சில ஊர்களைப் பைத்தான் நிரல்மொழியில் பட்டியலாக வைத்திருக்கிறேன்.

ஊர்கள் = ['பாலக்காடு', 'கஞ்சிக்கோடு', 'வாளையார்', 'மதுக்கரை', 'கோவை']

ஊர்கள்[-1] என்றால் கோவை கிடைக்கிறது. ஆனால் வாளையார் முதல் கோவை வரை வேண்டி ஊர்கள்[-3:-1] என்று எழுதினால், வாளையாரும் மதுக்கரையும் மட்டுமே வருகின்றன. முடிவை 0 என்று மாற்றினால் வெற்றுப் பட்டியல் வருகிறது. பிழைச் செய்திகூட இல்லை. ஏன்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
பட்டியலில் இடத்தைக் குறிக்கும் எண்ணே சுட்டெண்; இடங்கள் 0இலிருந்து எண்ணப்படும். எதிர்மறைச் சுட்டெண்ணைக் கண்டால் பைத்தான் அதனுடன் பட்டியலின் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இங்கே நீளம் 5. ஆகவே -3 என்பது 2, -1 என்பது 4. ஸ்லைஸ், அதாவது பட்டியலின் ஒரு பகுதியை வெட்டியெடுப்பது, தொடக்கத்தைச் சேர்க்கும், முடிவைச் சேர்க்காது என்பதால், [2:4] ஆகிவிட்ட உங்கள் வரியில் 4ஆம் இடத்திலுள்ள கோவை விடுபடுகிறது. 0 எதிர்மறை எண் அல்ல. அதனுடன் எதுவும் கூட்டப்படாமல் [2:0] ஆகிறது. 2இலிருந்து முன்னோக்கி நடந்து 0ஐ அடைய முடியாதல்லவா? முடிவை எழுதாமல் ஊர்கள்[-3:] என்று விட்டுவிடுங்கள். -0 என்று எழுதியும் பயனில்லை, அதுவும் 0தான்.

கொல்லங்கோட்டுக்காரர்:
ஆசிரியர் ஐயா சொன்னது சரி. ஆயினும் கடைசியிலிருந்து எத்தனை ஊர் வேண்டும் என்பது 'எண்' என்ற மாறியில் வரும்போது ஊர்கள்[-எண்:] காலை வாரிவிடும். எண் 0 ஆனால், ஒன்றும் வராமலிருப்பதற்குப் பதில் முழுப் பட்டியலும் வந்து நிற்கும். இதைத் தவிர்க்கப் பலர் ஊர்கள்[நீளம் - எண்:] என்று எழுதுவார்கள்; அதுவும் முழுத் தீர்வு அன்று. எண் 7 ஆனால் தொடக்கம் -2 ஆகி, ஐந்து ஊர்களுக்குப் பதில் மதுக்கரையும் கோவையும் மட்டும் கிடைக்கும். கழித்து வந்த விடை 0க்குக் கீழே போனால் அதை 0 ஆக்கிவிட்டு ஸ்லைஸ் செய்வதே என் வழக்கம்.

சித்தூர் மாணவி:
இருவருக்கும் நன்றி. திரும்பி வரும் வழிக்கு ஊர்கள்[-1:-4] என்று எழுதினேன். அதுவும் வெறுமையாகவே வருகிறது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
எண்கள் எதிர்மறையாக இருப்பதால் திசை மாறாது. திசையைத் தீர்மானிப்பது மூன்றாவது எண். ஊர்கள்[-1:-4:-1] என்றால் கோவை, மதுக்கரை, வாளையார் என்று வரும். பாலக்காடு வரை வேண்டுமானால் ஊர்கள்[::-1] என்று முடிவைக் காலியாக விடுங்கள். 0க்கு முந்தைய இடம் என்று நினைத்து அங்கே -1 எழுதினால், அது மறுபடி கோவையைத்தான் குறிக்கும்.