பாட்டி காலத்து ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு நாள் பத்தி கதை எழுதுறேன், என்ன தப்புன்னு சொல்லுங்க

சிப்புட்_மலர்:
வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன். வேலை ஒரு செம்பனை (பாமாயில்) மில்லுல, எடை போடுற கவுண்டர்ல. லோரி குலையோட வரும், எடை பாத்து டிக்கெட் அடிப்பேன், கொட்டிட்டு காலியா திரும்பும்போது இன்னொரு தடவ ஏத்தி கழிச்சு எழுதுவேன், காலைல ஏழு மணில இருந்து இதே தான். வெட்டுன குலைய ஒரு நாளுக்குள்ள அவிக்கலன்னா எண்ணெயில அமிலம் ஏறிடும், அதனால மத்தியானத்துக்கு மேல லோரி வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். அதுக்கு முன்னாடி பத்து மணி வாக்குல ஒரு அரை மணி நேரம் கிடைக்கும் பாருங்க, அப்பதான் வீணாப்போன டிக்கெட்டோட பின்பக்கத்துல எழுதுறேன்.

பள்ளிக்கூடத்துல படிவம் மூணு படிக்கும்போது தமிழ் நேசன் பத்திரிகையோட ஞாயிறு பதிப்புக்கு கதை அனுப்புவேன், ரெண்டு வந்துச்சு. அப்புறம் கல்யாணம், பிள்ளைங்க, பேனாவையே தொடல. நேசனும் 2019ல நின்னு போச்சு. போன மாசம் அலமாரிய நகத்தும்போது சின்ன வயசு ஸ்டாம்ப் ஆல்பம் கிடைச்சது. அதுல 1986ல வந்த ஸ்டாம்ப், 15 காசுல ரப்பர், 20 காசுல செம்பனை, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன். பாத்ததும் மனசு என்னமோ பண்ணிருச்சு. என் பாட்டி வெட்டுனது அந்த 15 காசு, நான் நிறுக்குறது இந்த 20 காசு.

அன்னிக்கே எழுத ஆரம்பிச்சேன். 1970கள்ல ஒரு நாள், தோட்டத்துல ஒரு பொண்ணு. மழை கொட்டுது, உளிய எடுத்துக்கிட்டு காட்டுக்குள்ள போறா, சாயங்காலம் வரைக்கும் மரம் வெட்டுறா. பாட்டிக்கு 78 வயசு, படிச்சு காட்டுனேன், சிரிச்சாங்க, ஒன்னும் சொல்லல. எங்க தப்பு பண்ணேன்?

பழைய_தீம்பார்:
தங்கச்சி, பாட்டி ஏன் சிரிச்சாங்கன்னு எனக்கு தெரியும். மழை பேஞ்சா வெட்டே கெடையாது மா. பட்டை ஈரமா இருந்தா பால் வெட்டுன கோட்டு வழியா ஓடாது, மரம் பூரா வழிஞ்சுடும், பால் புடிக்கிற மங்குல தண்ணி தான் நிக்கும். மழை நாள்ல ஜனங்க காலைல பேர் கூப்புடுற பெரட்டு களத்துல வானத்தையே பாத்துக்கிட்டு நிப்பாங்க, விடுமா விடாதான்னு, வெட்டு இல்லன்னா கையில காசு கொறையும்ல. சாயங்காலம் வரைக்கும் வெட்டுறதும் இல்ல. பால் நல்லா எறங்குறது விடியக்காலைல தான், வெயில் ஏற ஏற மரத்து தண்ணி இலை வழியா போயிடும், உள்ள அழுத்தம் கொறஞ்சு பாலும் கொறஞ்சுடும்.

எங்க அம்மா நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி கட்டி வச்சுட்டு தங்கச்சிய, பிள்ளைங்கள பாத்துக்குற ஆயக்கொட்டகைல விட்டுட்டு பெரட்டுக்கு ஓடுவாங்க, நெத்தியில விளக்கு, இடுப்புல கொசுவத்தி. பள்ளி லீவுல நானும் கூட போவேன். ஒரு ஆளுக்கு 400, 500 மரம் இருக்கும். மொதல்ல முந்தாநாள் கோட்டுல காஞ்சு ஒட்டியிருக்குற பால இழுத்து பிச்சு கூடையில போடணும், நீளமா நூல் மாதிரி வரும், அது என் வேலை. அப்புறம் அம்மா உளிய வச்சு இடது பக்கம் மேல இருந்து வலது பக்கம் கீழ வரைக்கும் சாய்வா இழுப்பாங்க. ஒன்னு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை தான் போகணும், ஆழமா போச்சுன்னா உள்ள காயம், அந்த எடம் முடிச்சு முடிச்சா வீங்கிடும், பட்டை திரும்ப வளந்தாலும் அதுல சரியா வெட்ட முடியாது. கங்காணி அதத்தான் வந்து வந்து பாப்பாரு. இருட்டுல, நெத்தி விளக்கு வெளிச்சத்துல, அந்த அளவுக்கு கை நிக்கணும். இத எழுதுங்க மா, இத யாரும் சரியா எழுதல.

கடைசி மரம் முடிஞ்சதும் அங்கயே உக்காந்து பசியாறுவோம். அப்புறம் மறுபடி முதல் மரத்துல இருந்து பால் எடுத்துக்கிட்டு தோள்ல வைக்கிற காண்டா கம்புல ரெண்டு பக்கமும் வாளி மாட்டி ஸ்டோருக்கு நடக்கணும், அங்க நிறுத்து எழுதுவாங்க. அதே மரத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள் தான் வெட்டுறது, அதனால ஆளுக்கு ரெண்டு தீம்பார், அதாவது வெட்டுறதுக்கு பிரிச்சு குடுத்த மரக்காடு, இருக்கும். உங்க பாட்டிகிட்ட எந்தெந்த தீம்பார்னு கேளுங்க, பேச ஆரம்பிச்சுடுவாங்க.

ஆல்பம்_அண்ணன்:
ஸ்டாம்ப் பத்தி மட்டும் சொல்றேன். அது மாநில ஸ்டாம்ப், 1971ல வண்ணத்துப்பூச்சி, 1979ல பூ, 1986ல தான் இந்த விவசாய வரிசை, 1 காசு காப்பில ஆரம்பிச்சு 30 காசு நெல்லு வரைக்கும். பசை போட்டு ஒட்டியிருந்தா பிச்சுடாதீங்க, தாளோட வெட்டி சாதா தண்ணில மெதக்க விடுங்க, தானா கழண்டு வரும், பேப்பருக்கு நடுவுல வச்சு காய விடுங்க. தபால் முத்திரையையும் பாருங்க, ஊரும் தேதியும் தெரிஞ்சா அந்த கடுதாசிய யாரு போட்டாங்கன்னு கூட ஞாபகம் வரும், அதுலயே இன்னொரு கதை இருக்கு.

லயத்து_பொண்ணு:
மலர் அக்கா, நான் ஆயக்கொட்டகைல வளந்தவ. எனக்கு பால்வெட்டு தெரியாது, காத்திருந்தது தான் தெரியும். காய் வெடிக்கிற காலத்துல வெயில் நேரத்துல காட்டுல டப் டப்புன்னு சத்தம் கேக்கும், கொட்டை தெறிச்சு விழும், பொறுக்கிட்டு வந்து சிமெண்டு தரையில தேச்சு சூடு வைப்போம், யாரு கொட்டை ஓடு கெட்டின்னு பந்தயம் வேற. அம்மா திரும்பி வர்றது கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடியே வாசனையில தெரிஞ்சுடும், சட்டையில காஞ்ச பாலோட புளிச்ச வாடை. இன்னிக்கும் எங்கயாவது அந்த வாடை வந்தா நின்னுடுவேன் அக்கா. கதைல ஒரு பிள்ளையும் இருக்கட்டும்.

குமரன்_ஈப்போ:
நல்லா இருக்கு, ஆனா பெரட்டு, தீம்பார், மங்கு, காண்டா இதெல்லாம் இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு தெரியாது, கீழ அர்த்தம் போட்டுடுங்க.

பழைய_தீம்பார்:
வேணாம் தம்பி. அவ கையில மங்கு இருக்கு, அதுல பால் சொட்டுதுன்னு எழுதுனா அது என்னன்னு படிக்கிறவங்களுக்கு புரிஞ்சுடும். அர்த்தம் போட்டா பாட பொஸ்தகம் மாதிரி ஆயிடும்.

சிப்புட்_மலர்:
அண்ணே, அக்கா தங்கச்சிங்களே, ரொம்ப நன்றி. நேத்து வேலை முடிஞ்சு போய் பாட்டிகிட்ட தீம்பார் கேட்டேன். ஒன்னு ரோட்டோரம், ஒன்னு ஆத்தோரம், ஆத்தோரத்துல அட்டை ஜாஸ்தின்னாங்க. அப்புறம் எழுந்து போய் வாசக்கால்ல விரல வச்சு இடது மேல இருந்து வலது கீழ ஒரே இழு இழுத்து காட்டுனாங்க. டீ கப்ப புடிச்சா நடுங்குற கை, அப்ப நடுங்கவே இல்ல. நான் அங்கயே அழுதுட்டேன்.

மழைய எடுத்துட்டேன். மழை விட்டதுக்கு மறுநாள், ஆத்தோர தீம்பார்ல ஆரம்பிக்கிறேன். அட்டைக்கு அப்போ என்ன தடவுவாங்க? பாட்டி தூங்கிட்டாங்க.

பழைய_தீம்பார்:
பொகயிலையும் சுண்ணாம்பும். வெத்தலை போடுறவங்க மடியிலயே இருக்கும்.