மறுமடல்: தையல் கூடத்துக்கு ஆளுக்கு 20,000

உறவுகளுக்கு வணக்கம்.

நம்ம ஊர்ப் பொம்பளைக பீடி சுத்துறதை விட்டுட்டுத் தைக்கப் போகட்டும்னு ஒரு தையல் கூடம் கட்ட, ஆளுக்கு 20,000 ரூபாய் தோஹா மாமா கேட்டிருக்கார். தர மறுப்பில்லை. ஆனா நம்ம ஊர் வீடு எப்படி ஓடுதுன்னு பார்க்காம கூடம் கட்டினா, அதுவும் கோயில் கொடைக்குப் போட்ட கொட்டகை மாதிரி பூட்டியே கிடக்கும்.

பீடி ஒத்தை ஆள் வேலை இல்லை. ராத்திரியே இலையை நனைச்சு ஈரச் சாக்கில் சுருட்டி வைக்கிறது மாமியார். அளவுத் தகடு வச்சு வெட்டி, சுளகை மடியில் போட்டு, புகையிலைத் தூள் வச்சுச் சுத்துறது மருமக. முனை மடக்கி, 25 எண்ணிக் கட்டுறது யாரு கை சும்மா இருக்கோ அவங்க. 40 கட்டு சேர்ந்தா 1000 பீடி. பீடிக் கடையில் தர்ற இலையில் ஓட்டையும் பழுப்பும் கழிஞ்சா 1000 தேறாது. குறைக்கு வெளியில் இலை வாங்கணும், கூலியில் அந்தக் காசு போயிரும். இத்தனை கை உழைச்சும் பீடிக் கம்பெனி கார்டு ஒருத்தி பேரில்தான்.

தூள் நெஞ்சில் இறங்குது, கழுத்தும் முதுகும் போகுது. பீடியே இருக்கட்டும்னு சொல்லலை. ஆனா ஆம்பளை கேரளாவிலேயோ பம்பாயிலேயோ கிடக்க, உலை வச்சுக்கிட்டு, தொட்டில் ஆட்டிக்கிட்டுச் செய்யுற வேலை அது ஒண்ணுதான். 9 மணிக்கு வந்து 6 மணிக்குப் போன்னா கைப்பிள்ளைக்காரி வரமாட்டா. கல்யாணம் ஆகாத பிள்ளைக வரும். கை தேறுற நேரத்தில் கட்டிக்கொடுத்துருவாங்க. 10 முதல் 2 வரை ஒரு ஷிப்ட், தொட்டில் கட்ட ஒரு அறை, உருப்படிக் கூலி எழுத்தில். இது இல்லாம ஒரு மெஷினும் வாங்க வேண்டாம்.

முதல் செலவு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குத் திருத்தத்துக்கு இருக்கட்டும். கார்டில் மாரி, ஆதாரில் மாரியம்மாள். வயசு கடைக் கணக்குப்பிள்ளை குத்துமதிப்பா போட்டது. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகலைன்னா மனு திரும்பி வரும். முதல்ல கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் கம்பெனி கையெழுத்து வாங்கித் திருத்தணும். 10 வருஷ சர்வீஸும் 58 வயசும் ஆனவங்களுக்குப் பென்ஷனுக்கு 10டி படிவம். 10 வருஷம் நிறையாம வேலையை விட்டவங்களுக்குப் படிவம் 19-ம் 10சி-யும். 2014-லிருந்து குறைஞ்சபட்சப் பென்ஷன் மாசம் 1000 ரூபாய். கிழவிக்கு மருந்துக்கு மகன்கிட்ட கை நீட்ட வேண்டியதில்லை. கணினி தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு ஆறு மாசச் சம்பளம் கொடுத்தா வீடு வீடாப் போய் முடிச்சிரும்.

பெரிய அத்தான், பீடி சுத்துற ஊர்னு வெளியில் சொல்லக் கூச்சமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. உங்க பாலிடெக்னிக் பீஸ் எந்தச் சுளகிலிருந்து வந்ததுன்னு ஆச்சிகிட்ட கேளுங்க.

சித்தப்பா, கூடத்து மதிப்பீட்டை வரி வரியா அனுப்புங்க: மெஷின் எத்தனை, என்ன விலை, கரண்டு இணைப்பு யார் பேரில், இடம் யார் பட்டாவில். கொட்டகைத் தகரக் கணக்கும் இன்னும் வந்து சேரலை.